உம்முடைய யன்னலுக்கு எதிரே நின்ற மலை

இன்று காலை தோர்ண்டன் ஹீத் பெரிய தெருவில் நடைபாதையைக் கிளறிப் போட்டிருந்தார்கள். நான் பஸ்ஸுக்கு நின்றேன். ஒருவன் மெஷினை வைத்துக் கல்லை வெட்டத் தொடங்கினான். சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் அந்த மணம் வந்தது. தீக்குச்சியை உரசி உடனே அணைத்தது போல ஒரு மணம். கல் உடைகிற மணம். அவ்வளவுதான். கையிலிருந்த மரக்கறிப் பை எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் கடைச் சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து கல் வருகிறது என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி கத்தரிக்காய்களைப் பொறுக்கித் தந்து, சுகமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஓம், ஓம்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். நீர் போய் ஒரு வருஷமாகப் போகிறது. உமக்கு இதுவரை ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்துவிட்டேன். திகைப்பு விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் முதலில் சந்தித்தது நினைவிருக்கிறதா? எண்பதுகளின் கடைசி. அந்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில், எனக்கு வேலை பழக்கச் சொல்லி உம்மிடம் விட்டார்கள். நீர் பேசாலைக் கத்தோலிக்கப் பெண், நான் யாழ்ப்பாணத்துச் சைவம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. நீர் அதிகம் கதைக்கமாட்டீர். உம்மைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஊர் முழுக்கத் தெரிந்ததுதான். துபாயில் நேர்ஸாக இருந்தவர். தம்பியார் குட்மேய்ஸில் கடை வைத்திருக்கிறார். லண்டனில் படிப்பு செல்லாததால் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்.

ஒருநாள் பெரிய அயர்ன் மெஷினில் என் கை பட்டுவிட்டது. தோல் உரிந்து வந்தது. உம்மிடம்தான் ஓடி வந்தேன். "நீர் நேர்ஸ்தானே, என்ன பூசுறது, பாருமப்பா" என்று கத்தினேன். நீர் என் கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்தீர். பிடித்த பிடியை விடாமல், என் முகத்தையும் பார்க்காமல் சொன்னீர்:

"நான் நேர்ஸ் இல்லையப்பா. வீட்டு வேலைக்குப் போனனான்."

எரிவு மறந்துபோய் உம்மைப் பார்த்தேன்.

அதன்பிறகு நீர் சொன்னதெல்லாம் துணி மடித்தபடியே சொன்னது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. துபாய் என்பதும் பொய். துபாயிலிருந்து வெகுதூரம் கிழக்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு வீடு. இரவில் காரில் கொண்டுபோய் இறக்கினார்கள். பாஸ்போட்டை வாங்கி வைத்தார்கள். வாசலைப் பூட்டினார்கள். "நாலு வருசம் அந்தக் கேற்றுக்கு வெளியில நான் கால் வைக்கேல்லை" என்றீர். அடித்தார்களா என்று கேட்டேன். "அடிச்சது குறைவு. பூட்டினதுதான் கூட" என்றீர். சம்பளத்தை மட்டும் ஒழுங்காக ஊருக்கு அனுப்பினார்களாம். அந்தச் சம்பளத்தில்தான் உம்முடைய தம்பி லண்டன் வந்து சேர்ந்தார்.

"குசினிக்குள்ள ஒரு யன்னல். கம்பி போட்டது. அதுக்கால பாத்தா ஒரு மலை மட்டும்தான். மரமில்லை, புல்லில்லை. காலமை சட்டி கழுவேக்கை கறுப்பா நிக்கும். பின்னேரம் கழுவேக்கை செம்பு மாதிரி நிக்கும். எனக்கு வேறை பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

அந்த வீட்டில் நீர் முதலில் படித்துக்கொண்ட அரபுச் சொல் பஹர். கடல். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், வீட்டுக்காரியிடம் சமையற்கட்டில் நின்று "பஹர்?" என்று கேட்டீராம். அவள் கையை எங்கோ வீசி "பயீத்" என்றாளாம். தூரம். பிறகு நீர் கேட்கவில்லை.

நாலாவது வருஷம் அந்தக் குடும்பம் லீவுக்கு லண்டன் வந்தது. பிள்ளை பார்க்க உம்மையும் கூட்டி வந்தார்கள். விமான நிலையத்துக்குப் போன அந்தப் பகற்பயணத்தில் வழியை எல்லாம் மனதில் பதித்தீர். ஏன் என்று அப்போது உமக்கே தெரியாது. லண்டன் ஹோட்டலின் பின்கதவு ஒருநாள் திறந்து கிடந்தது. காலில் வீட்டுச் செருப்போடு நடந்தீர். தம்பியின் போன் நம்பர் மனப்பாடம். தம்பி வந்து கூட்டிப்போனார். அடுத்த ஞாயிறே பூசைக்குப் போய், மாதா கோயிலில் எல்லாரிடமும் அக்கா துபாயில் நேர்ஸாக இருந்தவ என்று சொல்லிவிட்டார். நீர் மறுக்கவில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு நீர் கேட்டது அதைவிட அதிர்ச்சி. "எனக்கு அந்த மலையில ஒருக்கா ஏறவேணும். மேலை நிண்டு அந்த யன்னலைப் பாக்கவேணும். நீர் வாறீரோ?"

நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை.

குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு எத்தனை முறை போய் வந்திருப்போம். உமக்குப் பிரித்தானிய பாஸ்போட் வர வருஷங்கள் போயின. நீர் அவசரப்படவில்லை. வேலை முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கவுன்சில் அடுக்குமாடிப் படிகளில் ஏறினீர், இறங்கினீர். லிப்ட் பழுதென்று நினைத்து எங்களுக்காகப் பரிதாபப்பட்டவர்களும் உண்டு. சமதரையான ஊர்களில் பிறந்த எங்கள் இருவருக்கும் மலையென்றால் என்னவென்றே தெரியாது. என்ரை மனுசன் கேட்டார்: "பாலைவனத்தில மொட்டை மலை ஏறப் போறியளோ? கதிர்காமம் எண்டாலும் புண்ணியம் கிடைக்கும்." ஆனால் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டார்.

ஒரு வருஷம் மலிவு டிக்கெட்டில் ஸ்பெயினுக்குப் போனோம். உடன் வந்தவர்களெல்லாம் கடற்கரையில் படுத்துக்கிடக்க, நாங்கள் பின்பக்கத்து வறண்ட குன்றுகளில் ஏறினோம். பாதையில் போக நீர் விடமாட்டீர். "எங்கட மலையில பாதை இராது" என்பீர். அங்கேதான் கல்லைப் பழகினோம். பார்க்க உறுதியாய் இருக்கும் கல் கையோடு பெயர்ந்து வரும். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தால் வெறும் டப்பா போல ஒலிக்கும் கல் உண்டு, ஒலிக்காத கல் உண்டு. "முதல் தட்டும், பிறகு நம்பும்" என்று ஒவ்வொரு அடிக்கும் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வருவீர். காலெல்லாம் முள்ளுக் கீறலோடு ஹோட்டலுக்கு வந்தபோது, மேலே என்ன இருக்கிறது என்று மேசைப் பையன் கேட்டான். "ஒண்டுமில்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நீர் சந்தோஷமாகச் சாப்பிட்டீர்.

பிறகு அந்தத் தை மாதம்.

துபாயில் இறங்கி, மறுநாள் இருட்டோடு டாக்சி பிடித்தோம். துபாய்க் கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு, மணலைக் கடந்து, மலைகளுக்குள் நுழைந்தோம். தெருவோரம் பாயும் பானையும் விற்கிற சந்தையைத் தாண்டியதும் நீர் முன்சீற்றைப் பிடித்துக்கொண்டீர். இடது, பிறகு வலது என்று உம்முடைய கை காட்டியது. ஒரு பள்ளத்தாக்கின் வாயில் இறங்கினோம். பின்னேரம் வரச்சொல்லி டாக்சிக்காரரை அனுப்பினோம். அந்த மனிதர் எங்கள் இருவரையும், எங்களுக்கு முன்னால் நின்ற மலையையும் மாறி மாறிப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

வீடு அங்கேயே இருந்தது. சுற்றுமதில், இரும்புக் கேற், மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி. நீர் கிட்டப் போகவில்லை. தலையைக் குனிந்தபடி வறண்ட ஆற்றுப்படுக்கையால் சுற்றிக்கொண்டு மலையின் காலடிக்கு வந்தீர். ஆடுகள் நடந்த தடம் கொஞ்ச தூரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. நாங்கள் அறிய அந்த மலையில் ஏறியவர் எவருமில்லை. ஏறுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

செங்குத்தான ஒரு வெடிப்புக்குள்ளால் ஏறினோம். கறுத்துப்போன, நொறுங்குகிற கல். கையை வைத்தால் சுடும், விட்டால் உருளும். நான் முன்னே, நீர் பின்னே. பாதி ஏறியிருப்போம். மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையை நான் தட்டினேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது. பாரத்தைக் கொடுத்தேன். அது அப்படியே கழன்றது. அரிசிமூட்டை அளவு கல். எப்படி ஏறினீர் என்று தெரியாது, உம்முடைய தோள் என் இடுப்பில் மோதி என்னைப் பக்கச்சுவரோடு அமத்தியது. கல் எங்கள் இருவரையும் உரசிக்கொண்டு போனது. கீழே மோதி உடைந்து, இன்னும் நாலைந்தைக் கிளப்பிக்கொண்டு போய், நெடுநேரம் ஒலித்தது. பிறகு அந்த மணம் மேலே வந்தது. தீக்குச்சி மணம். எனக்குப் பல் கிட்டிவிட்டது. திரும்பிப் போவோம் என்று அழுதேன். நீர் என் காதோடு சொன்னீர்: "இறங்கிற வழிதான் இப்ப உடைஞ்சு கிடக்கு. மேலைதான் போகேலும்."

அது உண்மையா, என்னை ஏற்றுவதற்காகச் சொன்ன பொய்யா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. இறங்கும்போது வேறு பக்கத்தால் இறங்கினோம்.

உச்சிக்கு முந்திய திட்டில் நீர் உட்கார்ந்து முதல்முறையாக வீட்டைப் பார்த்தீர். யன்னல் தெரிந்தது. நகத்தளவு கறுப்பு. "இவ்வளவு சின்ன வீடோ" என்றீர். வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். கடைசித் துண்டை ஏறிவிட்டு இறங்கலாம் என்று நீர்தான் முதலில் எழும்பினீர்.

மேலே கால் வைத்த நீர் அப்படியே நின்றீர். பாம்பு என்று நினைத்தேன். பின்னால் வந்து உம்முடைய தோளுக்கு மேலால் பார்த்தேன்.

கடல்.

எங்கோ தொலைவில் மினுங்குகிற கோடு அல்ல. அந்த மலையின் மறுபக்கம் நேரே கடலுக்குள் இறங்கியது. அலை உடைவது தெரிந்தது. கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாய் நின்றன. மீன்பிடி வள்ளங்களை இழுத்து வைத்திருந்த மணல் தெரிந்தது. கிழக்கே கடல் இருக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் ஒருதரம்கூடத் தோன்றியதில்லை. துபாயில் விட்டுவந்த கடலைத்தான் நாங்கள் கடல் என்று வைத்திருந்தோம்.

"உமக்கும் தெரியுதோ?" என்று என்னைக் கேட்டீர்.

"தெரியுதப்பா."

"கடல்தானே?"

"கடல்தான்."

அப்போது ஒரு கப்பல் ஊதியது. அடிவயிற்றிலிருந்து வருகிற நீண்ட சத்தம். உம்முடைய வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "இந்தச் சத்தம் கேக்கிறனான். குசினிக்குள்ள கேக்கிறனான். அது பக்டரி எண்டவள் வீட்டுக்காரி. நாலு வருசமும் பக்டரி எண்டு நினைச்சுக்கொண்டு கேட்டனான்." அந்த இடத்திலேயே இருந்துவிட்டீர். உம்மை நான் பிடித்துக்கொண்டேன். பேசாலைக் கடற்கரையில் பிறந்த பெண்ணை நாலு வருஷம் கடலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடல் தூரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடித்ததை, பூட்டியதை எல்லாம் அழாமல் சொன்னவர், இதற்குத்தான் அழுதீர்.

பிறகு எழும்பி வீட்டுப்பக்கத்து விளிம்புக்கு நடந்தீர். விழப்போகிறீர் என்று சட்டையைப் பிடித்தேன். நீர் கீழே பார்த்துக் கத்தினீர். "பஹர்! பஹர்!" தொண்டை கிழிகிற கத்தல். பள்ளத்தாக்கு அதை வாங்கித் திருப்பித் தந்தது.

மொட்டை மாடியில் ஒரு உருவம் வந்தது. கையில் உடுப்புக் கூடை. மெல்லிய பெண். கண்ணுக்குமேல் கையை வைத்து மலையைப் பார்த்தாள். நீர் கத்துவதை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் ஆட்டினீர். அவளுடைய கை பாதிவரை உயர்ந்தது. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். சட்டென்று கையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு வரவேயில்லை. நாங்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இறங்கி வந்ததும் நேரே கேற்றுக்குப் போய் நீர் தட்டினீர். வந்து திறந்தவன் புதியவன். வீட்டில் வேலைக்காரி ஒருத்தரும் இல்லை என்றான். கேற்றைச் சாத்தினான். உள்ளே பூட்டுப் போடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

டாக்சியில் நீர் சொன்னது இதுதான்: "இப்பவும் எங்கட ஆக்கள் பெட்டையளை அனுப்பிக்கொண்டிருக்கினம். நேர்ஸ் எண்டு கதை சொன்னா இன்னும் அனுப்புவினம். வாற ஞாயிறு பூசை முடிய எழும்பிச் சொல்லப்போறன்."

தம்பியிடம் முதலில் சொல்லிவிட்டுச் சொல்வது மரியாதை என்று நினைத்தீர். அவர் கெஞ்சினார். "பிள்ளையளுக்கு நாளைக்குக் கலியாணம் பேசவேணும் அக்கா." நீர் அசையவில்லை. இதை என்னிடம் சொன்னது வியாழக்கிழமை, வேலையில், கட்டில் விரிப்பு மடிக்கும்போது. எப்போதும் போல நீர் இரண்டு மூலை, நான் இரண்டு மூலை. இழுத்து உதறினோம். மூலைகளைச் சேர்க்க நீர் என்னை நோக்கி நடந்து வந்தீர். "தம்பி கோவிப்பான், ஆனா பிறகு..." என்றீர்.

பிறகு என்ன என்று நீர் சொல்லவில்லை. துணி என் பக்கம் மட்டும் கனத்தது. நீர் நிலத்தில் கிடந்தீர். மூளையில் நரம்பு வெடித்ததாம். அந்த மலையில் என்னைச் சுவரோடு தள்ளிக் காப்பாற்றியவர், சமதரையில், வெள்ளைத் துணிக்குமேல் விழுந்துபோனீர். அம்புலன்ஸ்காரர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துத்தான் அந்த விரிப்பை எடுத்தார்கள்.

உம்முடைய அடக்கப் பூசையில் தம்பி பேசினார். அழுதுகொண்டுதான் பேசினார். துபாயில் நோயாளிகளுக்குச் சேவை செய்தவர் என் அக்கா என்றார். அக்காவின் சிநேகிதி என்று என்னையும் இரண்டு வார்த்தை சொல்லக் கூப்பிட்டார். நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே தெரியாது. பொட்டோடு போய் அந்த மேடையில் நின்றேன். கண்ணுக்கு முன்னால் தாய்மார், மகள்மார்.

"இவ நேர்ஸ் இல்லை" என்று தொடங்கினேன்.

எல்லாம் சொன்னேன். கேற், கம்பி, பாஸ்போட், மலை, கடல், மாடியில் நின்ற பெண். ஒரு குழந்தைகூட அழவில்லை. பாதர் என்னை நிறுத்துவார் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. தம்பியார் கல்லாய் இருந்தார். நான் இறங்கி வரும்போது ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாசலில் மட்டும் ஒரு தாய் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஊரில நிக்கிற என்ர மகளுக்கு வாற மாசம் துபாய்க்கு டிக்கெட்" என்றாள். அந்தப் பெண் போகவில்லை. ஊரிலேயே தையல் பழகுகிறாளாம்.

உம்முடைய தம்பி என்னோடு கதைக்காமல் விட்டார். அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, போன ஐப்பசியில் அவர் என் கதவடியில் வந்து நின்றது. உள்ளே வரச் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தார்.

"அக்கா, அவ மேலை நிண்டு கத்தினது உண்மையோ?"

"ஓம்."

"அங்கையிருந்து மாசம் ஒருக்கா போன் எடுக்க விடுவினம். சுகமோ எண்டு கேப்பன். சுகம் எண்டுவா. எனக்கு அது காணும். வேறை ஒண்டும் கேட்டதில்லை." தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போனது. "எனக்கு அதில ஏறவேணும். கூட்டிக்கொண்டு போவியளோ?"

என் முழங்கால் பழையபடி இல்லை. இருந்தும், ஓம் என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

இப்போது ஞாயிறு தோறும் அவர் பூசை முடிந்து குட்மேய்ஸிலிருந்து ரயிலேறி வருகிறார். இருவரும் பியூலா ஹில் மேட்டில் ஏறுகிறோம். கடைக்காரர், தொந்தி, நாலு அடிக்கு ஒருமுறை நிற்கிறார். நிற்கும்போதெல்லாம் உம்மைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்கிறார். தெரிந்ததைச் சொல்கிறேன். கடல் எப்படித் தெரியும் என்று கேட்டால் மட்டும் சொல்வதில்லை. அதை அவர் போய் நின்று பார்க்கட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று அந்த மலையில் எங்கள் இருவருக்கும் வேண்டிய தண்ணீர் முழுவதையும் உம்முடைய முதுகில்தான் கொண்டு வந்தீர். என்னைக் காவ விடவில்லை. எவ்வளவு பாரம் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது பழகுவதற்காக என் பை நிறையத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு ஏறுகிறேன். பட்டி தோளை அறுக்கிறது. தாங்கோ அக்கா என்று தம்பியார் கை நீட்டுகிறார். "நீங்கள் முதல் நடவுங்கோ" என்கிறேன். மேட்டின் உச்சிக்கு வந்து, மூச்சு வாங்கி, அவர் வாங்கில் உட்கார்ந்த பிறகும், எனக்கு அதை இறக்கி வைக்க மனம் வருவதில்லை.